பச்சை இங்க்கும் கெஜடட் ஆபீசரும்

போன மாதம் ஒரு அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிய அம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் கெஜடட் ஆபீசருங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். "அப்புறம் எதுக்கு பச்சை இங்க்ல கையெழுத்து போட்டிருக்கீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்த பேனாவில் பச்சைதான் நிரப்பியிருந்தேன், அவ்வளவுதான். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் புது விண்ணப்பம் வாங்கி, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த நீல பால்பாயிண்டில் மறுபடி முதலிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நமக்கு மையின் நிறம் என்பது பதவி. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பென்சில், ஆறாம் வகுப்பில் மை பேனா. நீலம் எங்களுக்கு, சிவப்பு வாத்தியாருக்கு, பச்சை ஹெட்மாஸ்டருக்கு. தலைப்புக்குக் கறுப்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதுவும் நல்ல மூடில் இருக்கும் வாத்தியாராக இருந்தால். ஒரு பையன் சிவப்பில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்து, "நீயே திருத்திக்கோ" என்று நோட்டை மூஞ்சியில் வாங்கினான். நாற்பது வயதில் நான் மை பாட்டில்களாக வாங்கி அடுக்குவதற்கு ஏதாவது காரணம் உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். பேனா எல்லாம் சும்மா சாக்கு.

அந்த நீலம் பிரில் ராயல் புளூ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபில்லரால் உறிஞ்சி பேனாவில் ஊற்றுவது வாராந்திரச் சடங்கு. வகுப்பில் தீர்ந்துபோனால் பக்கத்துப் பையன் தன் பேனாவைத் திருகி பெஞ்சின் மேல் இரண்டு சொட்டு விடுவான், நாம் நிப்பை அதில் வைத்து ஒற்றிக்கொள்ள வேண்டியதுதான். சிந்தினால் சாக்பீஸ். எழுதாவிட்டால் நிப்பின் பிளவில் பாதி பிளேடு. அப்படிப் பிளந்து பிளந்து எத்தனை நிப்பைக் கொன்றிருப்போம்!

பிளேடு போட்டுத் தேடியதெல்லாம் தப்பான இடத்தில் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எழுத்து நின்றால் பாதி நேரம் குற்றவாளி நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டை, நாங்கள் நாக்கு என்போம். அதில் மெல்லிய வாய்க்கால்கள் ஓடும். மை கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மை நின்றுவிடும், தாறுமாறாக ஏறினால் கொட்டிவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தித்தான் 1884-இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். வாய்க்காலில் காய்ந்த மை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் போதும்.

சரி, மறுபடி எப்படி ஆரம்பித்தேன் என்றால், திருவள்ளூர் ரங்கா பேனா ஒன்றை நண்பன் பரிசாகக் கொடுத்தான். கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்த எபோனைட் பேனா, மூடியைத் திறந்தால் லேசாகக் கந்தக வாடை. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியதுதான் எபோனைட் என்பதால் அந்த வாடை. உடம்பு முழுக்க மை கொள்ளும், பள்ளிப் பேனா மாதிரியே ஃபில்லரால் ஊற்றலாம். ஒரே ஒரு குணம்: மை பாதிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய சொட்டு பொத்தென்று விழும். எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் மற்ற பேனாக்களைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு நாள் விழுந்தது, கல்யாணப் பத்திரிகை உறையின் மேல், மாமா பெயருக்குப் பக்கத்தில்.

முதல் வாரமே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். படம் வரைய விற்கும் இந்தியன் இங்க் நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு பழைய பேனாவில் ஊற்றிவிட்டேன். அதில் கரித்தூளோடு அரக்கும் கலந்திருக்கும், காய்ந்தால் பூச்சு மாதிரி கெட்டியாகிவிடும். அந்தப் பேனா அத்தோடு போனது.

அப்புறம் வண்ணங்கள். ஜப்பானில் பைலட் கம்பெனி 2007-இல் இரோஷிசுகு என்று ஒரு மை வரிசை கொண்டுவந்தது. பெயர் ஒவ்வொன்றும் அந்த ஊர் இயற்கையிலிருந்து எடுத்தது: யமபுதோ என்றால் மலைத் திராட்சை, சிகுரின் மூங்கில் தோப்பு, அசகாவோ காலையில் பூக்கும் மார்னிங் குளோரி. அந்த யமபுதோவை முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது நாவற்பழம் தின்ற நாக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் இன்னொரு நிறம், மை அதிகம் தங்கிய வளைவுகளில் மட்டும் லேசாகப் பொன்பச்சை மினுக்கம். சாயம் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே படிந்து காய்வதால் வரும் மினுக்கம் அது, கிட்டத்தட்ட பொன்வண்டின் முதுகு. ழகரத்தின் சுழியிலும் ணகரத்தின் மூன்று சுழியிலும்தான் அதிகம் தெரியும். இந்த விஷயத்தில் ரோமன் எழுத்துக்காரர்கள் பாவம், அவர்களுக்கு இவ்வளவு சுழி கிடையாது.

ஆனால் காகிதம் நன்றாக இருக்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் எந்த விலை உயர்ந்த மையும் வேர்விட்டுப் பரவி, பின்பக்கமும் தெரிந்து, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாட்டிலுக்குச் செலவு செய்துவிட்டு நோட்டில் மிச்சம் பிடிப்பது பட்டுப்புடவைக்கு ரப்பர் செருப்பு போடுகிற கதை.

என் பெண்ணுக்கு எழுதுவதைவிட மையைப் பிரிப்பதில்தான் ஆர்வம். டிஷ்யூ தாளில் ஒரு கீற்று வெட்டி, கீழ்ப்பக்கத்தில் கறுப்பு மையால் புள்ளி வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தம்ளரில் தொங்கவிடுவாள். தண்ணீர் ஏற ஏற கறுப்பு கலைந்து மேலே நீலம், நடுவில் ரோஸ், ஓரத்தில் மஞ்சள் என்று பிரியும். கறுப்பு என்று ஒன்று அந்த பாட்டிலில் இல்லவே இல்லை. போன ஞாயிறு கிச்சன் மேடையில் பதினோரு தம்ளர். காபிக்குத் தம்ளர் இல்லை.

கடைசியாக வீட்டிலேயே மை செய்து பார்த்தேன். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பத்திரங்களும் கணக்கும் எழுதிய கருமை எதில் செய்தார்கள் என்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது: மாசிக்காய், அன்னபேதி, பிசின், தண்ணீர். தண்ணீர் தவிர மூன்றுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சாமான். மாசிக்காய் என்பது காயே இல்லை, ஓக் மரத்துக் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, அந்த இடம் வீங்கி உண்டாகிற முடிச்சு. அதிலிருக்கும் துவர்ப்பும் அன்னபேதியிலிருக்கும் இரும்பும் சேர்ந்தால் மை.

நான்கு காயை இடித்து இரண்டு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டினேன். கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. அன்னபேதித் தூளைப் போட்டதும் கண்ணெதிரே இருண்டது. கொஞ்சம் கருவேலம் பிசின். பேனாவில் ஊற்றக் கூடாது, அரித்துவிடும், அடைத்துவிடும், அதனால் தொட்டு எழுதும் நிப்பால் எழுதினேன். எழுதும்போது வெளிறிய சாம்பல், ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒருபடி கறுத்திருந்தது, மறுநாள் காலையில் நல்ல கருக்கல். காற்று பட்டுப் பட்டுத்தான் அந்த இரும்பு கறுக்கும்.

விரலெல்லாம் கறை. அம்மா கிச்சனுக்கு வந்து கையைப் பார்த்தாள், அம்மியைப் பார்த்தாள். "மாசிக்காயையா இடிச்ச? இதத்தான்டா உனக்கு உரைகல்லுல உரசி நாக்குல தடவுனேன்" என்றாள். பொட்டலத்தில் மிச்சம் மூன்று காய் இருந்தது. தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம், அதற்கு ஆகும் என்று எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.