மாப்பிள்ளை வீட்டு மேடு

அக்கா மகள் மினசோட்டாவில் நார்வே வம்சாவளிப் பையனைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் ஹௌகன். போன மாசம் வாட்ஸாப்பில் ஒரு கல்லறைப் படம் அனுப்பி, "மாமா, இவர் அவரோட தாத்தாவுக்குத் தாத்தா, எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, உங்களுக்குத்தான் பழைய பத்திரம் படிக்கிற பைத்தியமாச்சே" என்றாள். பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நார்வே அரசு ஆவணக் காப்பகம் பழைய மக்கள்தொகைக் கணக்கு, தேவாலயப் பதிவேடு எல்லாவற்றையும் டிஜிட்டலார்கிவே என்ற தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1865 கணக்கில் ஹௌகன் என்று தேடி மூன்று ராத்திரி வீண். ஹௌகன் என்றால் மேடு, அவ்வளவுதான். மேடு இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? பள்ளத்தாக்குக்கு ஒரு ஹௌகன் பண்ணை.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரருக்கு இண்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர், அது அவருடைய முன்னோர் ஊர். அந்தக் கால நார்வேக் கிராமத்தானுக்கு இரண்டுமே உண்டு. ஊலே மகன் ஊல்சன், மகள் ஊல்ஸ்டாட்டர், அதற்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணைப் பெயர் வம்சப் பெயர் கிடையாது, விலாசம் மாதிரி. குடி மாறினால் அதுவும் மாறிவிடும். எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததே 1923-இல்தான்.

சரி என்று ஹௌகனை விட்டுவிட்டு, கல்லறையில் இருந்த 1857-ஆம் வருஷத்துப் பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் மட்டும் பிடித்துக்கொண்டு பதிவேட்டுக்குள் இறங்கினேன். பாதிரியார் கையெழுத்து சாய்ந்துபோன முள்வேலி. ஞானஸ்நானம் ஒரு பண்ணையில், 1868-இல் தங்கைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது இன்னொரு பண்ணை, 1872-இல் இவருக்குப் பதினைந்து வயதில் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் தேவாலயச் சடங்கு), அங்கேதான் முதல் தடவையாக ஹௌகன்! 1876-இல் ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலில், அமெரிக்கா என்று எழுதி முடித்துவிட்டார்கள். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டதாக மாப்பிள்ளை வீட்டில் ஒரு கதை உண்டாம். அந்தத் தீவில் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-இல், அப்புறம் எங்கே மாற்றுவது?

அப்பா பெயருக்கு நேரே 'ஹுஸ்மன்' என்றிருந்தது. சொந்த நிலம் கிடையாது. பெரிய பண்ணையின் ஓரத்தில் குடிசையும் துண்டு நிலமும் கொடுப்பார்கள், பதிலுக்குப் பண்ணையில் உழைக்க வேண்டும்.

வீடியோ காலில் மாப்பிள்ளை ஆசையாகக் கேட்டார், அப்போ ஹௌகன் பண்ணை எங்களுடையதா என்று. இல்லை, ஓரத்தில் குடியிருந்தார்கள் என்றேன். அக்கா மகள் முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை, அங்கே தாத்தா எத்தனை வருஷம் இருந்தார் என்றார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அதிகம் போனால் எட்டு.