செல்லியோட மடி

எங்க ஊரு திருநெல்வேலி ஜில்லா மூலைக்கரைப்பட்டி பக்கம். தொழுவுல ஆறு ஆடு நிக்கு, அதுல செல்லிக்கு தாய் கன்னி ரக ஆடு, தகப்பன் தலைச்சேரி ரகக் கெடா, அதனால பால் நல்லா கறக்கும், எங்க ஆச்சிக்கு அந்தப் பால்லதான் காப்பி. கார்த்திகை மழையில ரெண்டு குட்டி போட்டுச்சு. எட்டாம் நாள் காலைல பாக்கேன், வலது பின்னங்கால அகட்டி அகட்டி வைக்கு, குட்டி பால் குடிக்க வந்தா ஒதைக்கு. முள்ளு ஏறிருக்கும்னு நெனச்சு குளம்ப திருப்பி திருப்பி பாத்தேனே ஒழிய மடிய தொட்டுப் பாக்கல. இப்ப நெனச்சாலும் மனசு ஆறல.

சாயங்காலம் தொட்டா வலப்பக்க மடி கல்லு மாதிரி இறுகி கொதிக்கு. பீச்சுனா மஞ்சத்தண்ணி, அதுல திரி திரியா தயிர் கணக்கா வருது. ஆச்சி "பால் கட்டிருக்குட்டி, கத்தாழ போடு"ன்னா. சோத்துக்கத்தாழ 250 கிராம், மஞ்சப்பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேத்து அரைச்சு நாளைக்கு பத்து தடவ போடச்சொல்லி மடிவீக்க நோய்க்கு டாக்டர்மாரே சொல்லிக்குடுக்க மருந்துதான் அது, எங்க பசுவுக்கு கேட்டுருக்கு. ராத்திரி பூரா கழுவி கழுவி போட்டேன். விடியக்காலம் பாத்தா சூடு கொறஞ்சிருக்கு, அப்பாடான்னு இருந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தா மடி ஜில்லுனு கெடக்கு, காம்புக்கு மேல நாவப்பழ நெறத்துல ஒரு திட்டு, பீச்சுனா ரத்தத்தண்ணி. ஆடு அசையும் போடல.

லோடு ஆட்டோல ஏத்தி ராமையன்பட்டி வெட்னரி காலேஜுக்கு கொண்டு போனோம். காய்ச்சல் 106, ஆட்டுக்கு 102, 103 தான் சாதாரணமா இருக்கும். டாக்டரம்மா மடிய ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துட்டு சொன்னாவ, சூடா இருந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம், குளுந்து போனா அந்தப் பக்கம் செத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம், ஸ்டாஃபிலோகாக்கஸ்னு ஒரு கிருமி, அது விடுத வெசத்துல ரத்த ஓட்டமே நின்னுரும், இனி அந்தப் பாதி மடிக்கு ஆசப்படாதீய, உசுர காப்பாத்த பாப்போம்னு. குளுக்கோஸ் ஏத்தி, ஆன்டிபயாட்டிக்கும் வலி ஊசியும் அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுத்தாவ.

வீட்டுல மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பீச்சி எடுத்தேன், தரையில விடக்கூடாது, டின்னுல புடிச்சு ப்ளீச்சிங் பவுடர் போட்டு குழியில ஊத்தணும். மத்த ஆட்டையெல்லாம் கறந்துட்டு கடைசியாத்தான் இத தொடணும். குட்டிய ரெண்டையும் பிரிச்சு பாட்டில்ல பசும்பால் குடுத்தேன். கறிக்கடைக்கு தள்ளிவிடுன்னு தெருவுல நாலு பேரு சொன்னாவ. ஊசி மருந்து உடம்புல ஓடுத ஆட்ட இன்னொருத்தர் திங்கக் குடுக்கதா? எனக்கு மனசு வரல.

நாலாம் நாள் மத்தியானம் கருவேல நெத்து ரெண்ட வாய்க்கிட்ட காட்டுனேன். மோந்து பாத்துச்சு, பையப் பைய ஒண்ண கடிச்சுச்சு, உள்ள வெத மொறுமொறுன்னு ஒடைஞ்ச சத்தம் கேட்டதும் நான் அழுதுட்டேன்.

அந்த மடி கருத்து, ஓரம் விட்டு, மூணு வாரங்கழிச்சு தோலோட கழண்டு விழுந்துச்சு. நாத்தம் தாங்காது, ஈ உக்காந்தா புழு வச்சிரும்னு காலைலயும் சாயங்காலமும் உப்புத்தண்ணியில கழுவி மருந்து ஸ்ப்ரே அடிச்சு உள்ளயே கட்டிப்போட்டேன். இப்ப புண்ணு காஞ்சு தழும்பாயிட்டு. இடப்பக்கம் கொஞ்சம் பால் இருக்கு. தெனம் விடியக்காலம் எல்லா ஆட்டு மடியையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் அவுத்து விடுதேன், செல்லி மட்டும் வலப்பக்கம் கை போனா இன்னமும் கால தூக்கிக்கிடுது.