நான்கு போர்ஷன், ஒரு விரிசல்

"மாசம் 38,000 வாடகை சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் புரோக்கர். சென்னை நங்கநல்லூரில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி மனை) ஒரு பழைய தனி வீடு. பிள்ளைகள் வெளியூர் போனதும் உரிமையாளர் தடுத்துத் தடுத்து நான்கு போர்ஷனாக்கி, மொட்டை மாடியில் ஒரு ரூமும் போட்டிருந்தார். விலை 1 கோடியே 30 லட்சம்.

ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தபோது எல்லாம் அம்சமாக இருந்தது. கிளம்பும்போது கீழ் போர்ஷன் அம்மா மெதுவாக, "காலைல ஏழு மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்க தம்பி" என்றார்.

மறுநாளே போனேன். கீழே இரண்டு வீட்டிலும் குழாயைத் திறந்ததும் மேலே தண்ணீர் நூலாகிவிட்டது. மாடியில் ஃப்ளஷ் செய்தால், படிக்கு அடியில் பின்னால் கட்டிய கீழ் பாத்ரூமில் குமிழி விட்டது. ஈ.பி. மீட்டர் இரண்டுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து பிரித்துக் கணக்குப் பார்க்கும் சப் மீட்டர், ரீடிங் சுவரில் பென்சிலில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தானே தவிர குடும்பத்துக்கு இல்லை. இரண்டு வீட்டு யூனிட் ஒன்றாகச் சேர்ந்தால் ரேட்டும் ஏறும். அங்கே நடக்கும் சண்டையில் பாதி இதனால்தானாம்.

அப்புறம் தெரிந்த கொத்தனாரை அழைத்துப் போனேன். கீழ் ஹாலில் அண்ணாந்து பார்த்தவர் ஒரு மயிரிழை விரிசலைக் காட்டினார். மேலே ஓடினோம். இரண்டு போர்ஷனையும் பிரிக்கும் நாலரை இன்ச் சுவர் சரியாக அதே கோட்டில் நின்றது. கீழே பீம் கிடையாது, வெறும் தளம். "இத எடுத்தா ஒரு வாடகை போச்சு, விட்டா தளம் போயிடும் சார்" என்றார்.

வில்லங்கச் சான்றில் கடன், வழக்கு எதுவும் இல்லை. அனுமதி வரைபடத்தில்தான் மாடி ரூம் இல்லை. அதைக் கழித்தால் வாடகை 32,000. வருடத்தில் ஒரு மாதம் காலி, வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் எல்லாம் போக 3.1 லட்சம் நின்றது. போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி.

சரி, மனை விலைக்கு மட்டும் தருகிறேன் என்றேன். உரிமையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. புரோக்கர் அதன்பின் போனே எடுப்பதில்லை. அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது காபி கொடுத்தார். குழாயடியில் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.