பத்தாயிரத்தில் பதினைந்து: கருவியின் ஓரவஞ்சனையைக் கழித்த பிறகு

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி டிடெக்டர் தரவில் டி-ஜீரோ என்ற மின்னூட்டமற்ற துகளும் அதன் எதிர்த்துகளும் ஒரே விகிதத்தில் சிதைகின்றனவா என்று எண்ண உட்கார்ந்தால், முதலில் கண்ணில் படுவது இயற்கையின் வித்தியாசமல்ல, கருவியின் ஓரவஞ்சனைதான். தேடுவதோ 0.15 சதவீத வித்தியாசம்.

டி-ஜீரோ, கேயான் ஜோடியாகவோ பயான் ஜோடியாகவோ (இரண்டும் அதைவிட லேசான துகள்கள்) சிதைந்த பின், பிறந்தது துகளா எதிர்த்துகளா என்று அந்த ஜோடி சொல்லாது. டி-ஸ்டார் என்ற சற்றுக் கனமான துகளிலிருந்து டி-ஜீரோ பிறக்கையில் கூடவே வரும் பயான்தான் சாட்சி. அது நேர்மின் என்றால் துகள், எதிர்மின் என்றால் எதிர்த்துகள். டி-ஸ்டாருக்கும் டி-ஜீரோவுக்கும் நிறை வித்தியாசம் 145.4 எம்இவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு). பயானின் நிறைக்கே 139.6 போய்விடும். மிச்சம் 6 கூட இல்லை, அதனால் அந்தப் பயான் மெதுவானது, காந்தத்தில் நன்றாக வளையும். டிடெக்டரின் ஓரத்தில் ஒரு மின்னூட்டம் உள்ளே திரும்பும், மற்றது வெளியே போய்விடும். அந்தப் பகுதியை இரக்கமில்லாமல் வெட்டுகிறோம். எண்ணிக்கை குறைகிறதே என்று விட்டுவைத்தால் பிறகு எந்தத் திருத்தமும் கைகொடுக்காது. காந்தத் துருவம் இருவாட்டமாக எடுத்த தரவைத் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

அடுத்தது கழித்தல். கேயான் ஜோடியில் கிடைத்த சமச்சீரின்மையிலிருந்து (துகள், எதிர்த்துகள் எண்ணிக்கை வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தது) பயான் ஜோடியினுடையதைக் கழித்தால், சாட்சிப் பயானின் ஓரவஞ்சனையும் புரோட்டான் மோதலில் டி-ஸ்டார் இரு வகையும் சமமாகப் பிறக்காத கோளாறும் அடிபட்டுப் போகும். ஆனால் இரண்டு மாதிரிகளிலும் உந்தப் பரவல் ஒன்றாக இருந்தால்தான். இல்லையென்றால் எடையிட்டுப் பொருத்த வேண்டும். பி-மெசான் என்ற இன்னொரு கனமான துகளிலிருந்து வந்த டி-க்களும் நுழைந்துவிடும். மோதல் புள்ளியை விட்டு விலகிய தடங்களைப் பார்த்து அவற்றைத் தள்ளலாம்.

நிறை வரைபடத்தைப் பொருத்தும்போது இரு மின்னூட்டத்துக்கும் உச்சத்தின் இடத்தை ஒன்றாகக் கட்டிப்போடக் கூடாது. டிடெக்டர் தகடுகள் இம்மி பிசகியிருந்தாலும் எதிரெதிர் மின்னூட்டங்களின் உந்தம் எதிரெதிர்ப் பக்கம் நகரும்.

சோதனைகள் முடியும்வரை விடை மறைந்தே இருக்கட்டும். 2011இல் இந்தக் கழித்தலின் விடை -0.82 சதவீதம், 3.5 சிக்மா (விடை அதன் பிழையைப்போல் எத்தனை மடங்கு என்பது) என்று வந்தது. 2013இல் பயானுக்குப் பதில் மியூவான் என்ற துகளைச் சாட்சியாக வைத்து எடுத்த அளவீடு +0.49 சதவீதம் என்றது. 2019இல்தான் 5.3 சிக்மாவோடு பத்தாயிரத்தில் -15.4, பிழை 2.9 என்று நிலைத்தது.

அந்த ஆய்வில் பயான் சாட்சியோடு வந்த கேயான் ஜோடிகள் சுமார் 4.4 கோடி, பயான் ஜோடிகள் 1.4 கோடி. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் ஒவ்வொன்றும் தரும் பிழை தெரியும்: பத்தாயிரத்தில் 1.5, 2.7. ஆகவே உழைப்பைக் கேயான் பக்கம் கொட்டி அதிகப் பயனில்லை. பயான் ஜோடித் தேர்வில் கூடுதலாகப் பிடிக்கும் ஒவ்வொரு லட்சமும்தான் பிழையை அதிகம் குறைக்கும்.