கம்பியூட்டருக்குக் காசு வந்தது, ஸ்டிக்கருக்கு வரவில்லை

நான் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கிளினிக் நோயாளரின் பதிவைக் கம்பியூட்டருக்கு மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்து ஒன்றரை வருடம் அலைந்தேன், இதே வேலையில் மாட்டப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவில்லை. அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிறுவனமான ஐசிடிஏ மூலம் வந்த எச்எச்ஐஎம்எஸ் என்ற ஆஸ்பத்திரிப் பதிவு மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் இலவசமாகப் பாவிக்கலாம், உள்ளே ஒரு சேர்வரும் கேபிளும் இருந்தால் இணையம் இல்லாமலே ஓடும். எங்கள் பக்கத்து சிக்னலுக்கு அது பெரிய ஆறுதல். காசு தேவைப்பட்டது கம்பியூட்டர், பிரிண்டர், யூபிஎஸ், பார்கோட் வாசிக்கிற கருவி இவற்றுக்குத்தான்.

யாரோ சொன்னார்கள் என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் சுகாதாரத் திட்டத்துக்குக் கடிதம் எழுதி இரண்டு மாதம் காத்திருந்தேன். அது ஆரம்பத்தில் மத்திய, வடமத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களுக்கானது, கிழக்கு அதில் இல்லை. இதை முதலே விசாரித்திருக்க வேண்டும், என் பிழைதான். ஒன்பது மாகாணத்துக்கும் பொதுவானது 2018இல் உலக வங்கி 20 கோடி டொலர் கொடுத்த ஆரம்ப சுகாதாரத் திட்டம். கொடுத்தது என்று சொன்னாலும் கடன்தான், நாம்தான் கட்டப்போகிறோம். கடைசியில் அந்த வழியாகத்தான் எங்களுக்கும் ஒதுக்கீடு வந்தது.

வந்ததோ ஒக்டோபர் கடைசியில். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். மூன்று விலைமனு வேண்டும், ஒரு கடைக்காரர் எல்லாப் பொருளுக்கும் விலை போட்டுவிட்டு உத்தரவாதக் காலத்தை எழுதாமல் விட்டதால் அந்த விலைமனு தள்ளுபடி, திரும்ப ஒன்று எடுக்க வேண்டி வந்தது. கிண்ணியாப் பாலத்தால் டவுனுக்குப் பஸ்ஸில் போய் ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கியதில் அந்த டிசம்பரில் மட்டும் ஒன்பது தடவை போயிருப்பேன். பெட்டிகள் 28ஆம் திகதி வந்து இறங்கின. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஜனவரியில்தான் உண்மையான சிக்கல். ஒவ்வொரு நோயாளிக்கும் 11 இலக்கத்தில் ஒரு தனிநபர் சுகாதார இலக்கம் கொடுத்து, அதை பார்கோட் ஸ்டிக்கராக அச்சடித்து கிளினிக் கொப்பியில் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் ரோல், ஒரு தடவை வாங்கி நெடுநாள் வைத்திருக்கிற பொருளுக்கான மூலதனச் செலவில் வராது, தீரத் தீர வாங்குகிற மீண்டெழும் செலவு. கம்பியூட்டர் வாங்கிய காசில் மிச்சம் இருந்தாலும் அதில் ஒரு ரோல் வாங்க முடியாது. “தம்பி, இதுக்கு வேற தலைப்பு, அதில காசு இல்ல” என்றார் கணக்குக் கிளையில் இருந்த ஐயா, பாவம், அவர் மேலும் பிழையில்லை. டோனருக்கும் அதே பதில். ஆகக் கடைசியில் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில் சொல்லி, பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு மீன் முதலாளியும் ஆளுக்கு இரண்டு பெட்டி ரோல் வாங்கித் தந்தார்கள்.

ஸ்டிக்கர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஸ்டிக்கர் இல்லாமல் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள், தெரியும். முகம்மது என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதியிருக்கிறார்கள், தமிழ் ஆட்களுக்கோ தகப்பன் பெயர் ஒரு நாள் முன்னால் வரும், ஒரு நாள் வெறும் முதலெழுத்தாக நிற்கும். அடையாள அட்டையும் அப்படித்தான், பழையதில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம், ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறிக் கொண்டுவருவார். முதல் மாதத்தில் ஒரு அம்மாவுக்கு மூன்று பதிவு. ஒன்றில் சீனி வருத்தம், ஒன்றில் பிரஷர், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. டொக்டர் மூன்றாவதைத் திறந்து வைத்துக்கொண்டு “அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்க, அவர் கொப்பியை நீட்டி “இதுல எல்லாம் இருக்கு மகன், அந்தப் பெட்டிய விடுங்க” என்றார்.

அதன் பிறகு கொப்பியை நிறுத்தச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. இரண்டும் ஓடுகிறது. தாதி மிஸ்மாருக்கு அது இரட்டை வேலை, திட்டும் எனக்குத்தான் விழுகிறது. ஆனால் மருந்தகத்தில் இப்போது கையெழுத்தை வாசிக்க முடியாமல் மருந்துத் துண்டைத் திருப்பி அனுப்புவதில்லை, அதை மட்டும் அவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் விண்ணப்பம் எழுதுவதாக இருந்தால், முதல் நாளே ரோல், டோனர், திருத்த வேலை எல்லாவற்றுக்கும் தனியாக மீண்டெழும் செலவில் கேட்டு வையுங்கள். போன மாதம் எங்கள் நாலு யூபிஎஸ்ஸில் இரண்டின் பற்றரி செத்துவிட்டது. பற்றரி மூலதனமா, மீண்டெழுவதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.