பென்சிலில் எழுதிய ஒரு மனு

ஏழைக்கு இலவச வக்கீல் என்பது ஏதோ நேற்று வந்த சலுகை என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால், 1495லேயே இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில் இதற்குச் சட்டம் இருந்திருக்கிறது. காசில்லாதவர் கட்டணமின்றி வழக்குப் போடலாம், நீதிமன்றமே வக்கீலையும் அமர்த்தித் தரும். தோற்றால்? எதிராளியின் செலவைக் கட்டு, இல்லாவிட்டால் சவுக்கடி வாங்கு என்று பின்னாளில் ஒரு வழக்கமும் இருந்ததாம். நல்ல இலவசம்!

அப்புறம் 1876ல் நியூயார்க்கில் ஜெர்மானியக் குடியேறிகளுக்காக ஒரு இலவச சட்ட உதவிச் சங்கம். 1949ல் இங்கிலாந்தில் அரசே செலவை ஏற்கும் சட்டம்.

என் மனதில் நிற்பது என்னவோ கிளாரன்ஸ் கிடியன்தான். 1961, ஃபுளோரிடா. ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக வழக்கு. வக்கீல் வேண்டும் என்று கேட்கிறார். மரண தண்டனைக் குற்றமாக இருந்தால்தான் தர முடியும் என்கிறார் நீதிபதி. சரி என்று தனக்குத் தானே வாதாடினார். கிடைத்தது 5 ஆண்டு சிறை. உள்ளே இருந்தபடியே, சிறையில் கொடுத்த தாளில், பென்சிலால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார், எழுத்துப் பிழைகளோடுதான். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கடுங்குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு வக்கீல் தந்தே ஆக வேண்டும்.

ஆகஸ்டில் அதே வழக்கு மறுபடி நடந்தது. இந்த முறை பக்கத்தில் வக்கீல். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் குடைந்தெடுத்துவிட்டார். ஜூரி ஒரு மணி நேரம் போலப் பேசிவிட்டு வந்து, குற்றவாளி இல்லை என்றது. முதல் தடவை அவரை உள்ளே தள்ளியதும் அதே சாட்சிதான்.