டெல்ஃபோர்டு போகிறீர்களா? முதலில் காஸ்ஃபோர்டில் இறங்குங்கள்

வாங்கி வந்த பெட்டிகள் இன்னும் முழுசாகப் பிரிக்காமல் கிடக்கின்றன. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு நவம்பரிலும் டெல்ஃபோர்டு நகரில் ஸ்கேல் மாடல்வேர்ல்ட் கண்காட்சி நடக்கிறது. போர் விமான மாடல் சேர்க்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். முதல் நாள் காஸ்ஃபோர்டில் இருக்கும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் டெல்ஃபோர்டு போங்கள். இரண்டும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. நிஜ விமானங்களைப் பார்த்த பிறகுதான் எந்த மாடலை வாங்க வேண்டும் என்று புரியும், வரிசையை மாற்றினால் பணம் போய்விடும்.

தங்கியது வுல்வர்ஹாம்ப்டனில். கண்காட்சி நடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. மிச்சமிருந்த அறைகளுக்குச் சொன்ன வாடகையில் இரண்டு பெரிய கிட் (பாகங்களை ஒட்டி நாமே கட்டும் மாடல் பெட்டி) வாங்கலாம். கிட்டுக்கு என்று நான் ஒதுக்கியது 200 பவுண்டு. அதில் ஒரு பென்னியையும் விடுதிக்குத் தர மனமில்லை. கூட வந்த மச்சினனுக்கு மாடலில் பெரிய ஆர்வம் இல்லை, சாப்பாட்டில் உண்டு. அந்த ஆர்வத்தால் விளைந்த நன்மையைப் பிறகு சொல்கிறேன்.

காஸ்ஃபோர்டு மிகச் சிறிய நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அருங்காட்சியகம். அனுமதி இலவசம்! காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் உண்டு, ரயிலில் வந்தால் அதுவும் இல்லை. இவ்வளவு பெரிய இடத்தை ஒரு காசு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறார்களே என்று மனது நிறைந்துபோனது.

அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஒரேயொரு விமானம் மட்டும் வானில் பறந்த நிலையில், 1965 ஏப்ரலில் அரசு கைவிட்ட டிஎஸ்ஆர்-2 குண்டுவீச்சு விமானத் திட்டத்தின் பறக்காத உடன்பிறப்பு ஒன்று நிற்கிறது. லைட்னிங் போர் விமானம் ஒன்றை மூக்கு மேலே பார்க்க செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனால் நான் எழுத வந்தது பனிப்போர் கூடத்தில் இருக்கும் மூன்று விமானங்களைப் பற்றி. வேலியண்ட், வல்கன், விக்டர். பிரிட்டனின் அணுகுண்டு விமானங்கள், வி-பாம்பர்கள். மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க உலகத்தில் இந்த ஒரு இடம்தான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அளவு. அதற்கு அடுத்தது வண்ணம். மூன்றும் மூன்று பூச்சில் நிற்கின்றன. வேலியண்ட் முழு வெள்ளை. வல்கன் உருமறைப்புப் பூச்சு. விக்டர் ஒரு வெளிர் பழுப்பு. வெவ்வேறு ரசனை என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அந்த மூன்று பூச்சில் முப்பத்தைந்து வருடச் சரித்திரம் இருக்கிறது.

வேலியண்ட்டின் எண் எக்ஸ்டி 818. 1957 மே 15 அன்று பசிபிக் கடலில் மால்டன் தீவுக்கு அருகே பிரிட்டனின் முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைக்குக் குண்டைப் போட்டது இதே விமானம். போட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது வெடிப்பின் வெப்பக் கதிர் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது. அதைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளைப் பூச்சு. பின்னாளில் இந்த வெள்ளை விமானங்களின் வட்டச் சின்னங்களைக்கூட வெளிறிய இளஞ்சிவப்பு, வெளிறிய நீலம் என்று மாற்றினார்கள், அடர் நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால். பழைய கிட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பளிச்சென்ற டீகாலை (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப் படம்) அறுபதுகளின் வெள்ளை வி-பாம்பர் மீது ஒட்டினால் மொத்த உழைப்பும் வீண்.

அப்புறம் ஏவுகணைகள் வந்தன. உயரத்தில் பறப்பது பாதுகாப்பு இல்லை என்றானதும் அறுபதுகளின் நடுவில் வி-பாம்பர்களைத் தாழப் பறக்கச் சொன்னார்கள். தாழப் பறப்பவனுக்கு வெள்ளை எதற்கு? மேலிருந்து பார்ப்பவன் கண்ணில் படாமல் பச்சையும் சாம்பலும் பூசினார்கள். அந்தச் சமயத்தில்தான் வேலியண்ட்டின் இறக்கைத் தண்டில் உலோகச் சோர்வால் விரிசல்கள் தெரிந்து, 1965 ஜனவரியில் மொத்தமாக விலக்கிவிட்டார்கள். வேலியண்ட்தான் அப்போது வானிலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கர் வேலையையும் செய்துகொண்டிருந்தது. அந்த வேலை விக்டருக்குப் போனது.

1982இல் அர்ஜென்டினாவுடன் ஃபாக்லாந்து போர். அசென்ஷன் தீவிலிருந்து போர்ட் ஸ்டான்லி ஓடுபாதையைத் தாக்க வல்கன்கள் கிளம்பின. வழியில் எரிபொருள் ஊட்டியவை விக்டர் டேங்கர்கள். மே 1 அன்று முதல் தாக்குதலுக்கு முன்னணியில் போக வேண்டியது, காஸ்ஃபோர்டில் நிற்கும் இந்த எக்ஸ்எம் 598 வல்கன். காக்பிட் ஜன்னல் சரியாக மூடாமல் உள்ளே காற்றழுத்தம் நிற்கவில்லை. அது திரும்ப, மாற்றாக வந்த எக்ஸ்எம் 607 போய்க் குண்டு போட்டது. இங்கே நிற்கும் விக்டர் எக்ஸ்எச் 672 இன்னும் பத்து வருடம் டேங்கராக உழைத்தது. 1991 வளைகுடாப் போரிலும் இருந்தது. 1993 நவம்பரில் பக்கத்திலிருக்கும் ஷாபரி தளத்தில் கடைசியாக இறங்கியது.

இதைப் பார்த்தபோதுதான் என் அலமாரிக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. மூன்று விமானம், ஒரே அளவு, மூன்று பூச்சு. ஒன்று விட்ட வேலையை இன்னொன்று எடுத்துக்கொண்ட கதை. அதுவரை என் பட்டியலில் குண்டுவீச்சு வகையான வெள்ளை விக்டர் பி.2 இருந்தது. அங்கே நின்றபடியே அதை அடித்துவிட்டு விக்டர் கே.2 டேங்கர் என்று எழுதினேன்.

விக்டரின் கீழே ஒரு வயதான தன்னார்வலர் நின்றிருந்தார். சக்கரக் கூட்டை நான் போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டு, "மாடல் செய்றவரா? நாளைக்கு டெல்ஃபோர்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வயிற்றுப் பக்கம் சுத்தமாப் பண்ணிடாதீங்க. டேங்கர்னா கசியும், கறை இருக்கும்" என்றார். எந்த மடிப்பில் கறை எந்தத் திசையில் ஓடும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். கிட்டோடு வரும் தாளில் இது கிடைக்காது. ஒரு யோசனை: அகல லென்ஸ் கொண்டு போங்கள். விமானங்கள் அவ்வளவு பெரியவை, போனில் ஒரே படத்தில் அடங்காது.

நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வுல்வர்ஹாம்ப்டன் திரும்பினோம். இப்போது மச்சினனின் பங்கு. இந்த வட்டாரத்தில் இரும்பு வார்ப்பட ஆலைகளுக்கு வேலைக்கு வந்த பஞ்சாபிகள் காலப்போக்கில் பழைய பப்களை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். தேசி பப் என்று பெயர். வெளியே பார்த்தால் சாதாரண ஆங்கிலேய பப். டிவியில் கால்பந்து, மேஜைகளில் பியர். உள்ளே அடுப்பில் தந்தூர்! மிக்ஸ்டு கிரில் சொன்னோம். பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் வெங்காயம் பொரியும் சத்தம் சமையலறையிலிருந்தே கேட்டது. தந்தூரி சிக்கன், சீக் கபாப், ஆட்டுச் சாப்ஸ், மீன், மேலே எலுமிச்சை. சாப்ஸின் ஓரம் கருகி, உள்ளே சாறு நின்றது. நான் இரண்டாவது சாப்ஸைக் கையில் எடுத்தவுடன் மச்சினன், "மாமா, நாளைக்கு நீங்க பொம்மைய பாருங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றான். நான் ரொட்டியையும் சேர்த்து இருவருக்கும் 30 பவுண்டைத் தாண்டவில்லை. இந்தப் பயணத்தில் முழு மனதோடு எடுத்துக் கொடுத்த காசு அதுதான்.

மறுநாள் கண்காட்சி. ஐபிஎம்எஸ் என்ற சர்வதேச மாடலர்கள் சங்கம் 1963இல் பிரிட்டனில் தொடங்கியது. அதன் பிரிட்டன் கிளைதான் இதை நடத்துகிறது. உறுப்பினர்களுக்குக் கதவு முன்னதாகவே திறக்கும். பழைய கிட் தேடுகிறவர் என்றால் அந்த முன்நேரத்துக்காகவே உறுப்பினர் ஆகலாம், அவ்வளவு வித்தியாசம்.

கூடம் கூடமாக மேஜைகள். எல்லாவற்றையும் விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மேஜையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் ஸ்குவாட்ரன் பறந்த விமானங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். 1943இல் ஜெர்மன் அணைகளை உடைத்த லங்காஸ்டர், அப்புறம் லிங்கன், கான்பெரா, வல்கன், டொர்னாடோ, கடைசியில் எஃப்-35. எல்லாம் 1/72, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பக்கத்து மேஜைகளில் இதைவிட நுணுக்கமான வேலைப்பாடு இருந்தது. ஆனால் கூட்டம் நின்றது இங்கேதான். லங்காஸ்டர் பக்கத்தில் வல்கன் எவ்வளவு அகலம், நடுவில் கான்பெரா எவ்வளவு சிறிசு என்று ஒரே பார்வையில் தெரிந்தது. காட்சிக்கு வைப்பது என்றால் இதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு அளவுகளை ஒரே அலமாரித் தட்டில் கலக்காதீர்கள். 1/48 ஸ்பிட்ஃபயரின் இறக்கை 23 சென்டிமீட்டர். 1/72 ஹரிக்கேனுக்கு 17தான். நிஜத்தில் ஹரிக்கேன்தான் பெரியது! பக்கத்தில் வைத்தால் பார்ப்பவருக்குப் பொய் சொல்கிறோம். 1/72 என்பது ஆறு அடிக்கு ஓர் அங்குலம், ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம். தரை வாகனங்கள் வாங்கும்போதும் பெட்டியைப் பாருங்கள், ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மாடல் நிறுவனத்தின் பழைய தரைப்படை வண்டிகள் பல 1/76. விமானத்துக்குக் கீழே நிறுத்தினால் ஐந்து சதவீதம் சுருங்கித் தெரியும்.

நான் காஸ்ஃபோர்டு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். வேறு எதையும் தொடவில்லை. மிகவும் கஷ்டமாகத்தான் இருந்தது, ராய் கிராஸ் ஓவியம் போட்ட பழைய ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். ஏர்ஃபிக்ஸ் 2011இல் வெளியிட்ட வேலியண்ட் ஒரு பழைய கிட் வியாபாரியிடம் 40 பவுண்டுக்குக் கிடைத்தது. 50 சொன்னார். பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாகக் காட்டினார். அப்படிக் கேட்கத் தயங்கவே கூடாது. ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) எண்ணுங்கள். கண்ணாடிப் பாகம் தனிப் பையில் இருக்கிறதா பாருங்கள். டீகால் மஞ்சளித்திருந்தால் விலையைக் குறையுங்கள். இதில் லேசான மஞ்சள் இருந்தது, பத்து பவுண்டு குறைந்தது. டீகால் தாளை வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் சில நாட்களில் மஞ்சள் போய்விடும்.

விக்டர் கே.2 இன்னொரு கடையில் 45. வல்கன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. 1983இல் வந்த பழைய அச்சு மலிவாகவே கிடைத்தது. ஆனாலும் 2021இல் வந்த புதிய அச்சைக் கடை விலைக்கே எடுத்தேன். மற்ற இரண்டும் புதிய அச்சு. நடுவில் ஒரு பழசு நின்றால் பேனல் கோடுகளே காட்டிக் கொடுத்துவிடும். மீதிப் பணம் வண்ணம் அடிக்கும்போது கண்ணாடிப் பாகத்தில் ஒட்டும் மறைப்புத் தாள்களுக்கும் டீகாலுக்கும் போனது. 200 பவுண்டு சரியாகத் தீர்ந்தது.

வாங்கும் முன் அலமாரியை அளந்து வையுங்கள். 1/72இல் வல்கனின் இறக்கை 47 சென்டிமீட்டர், வேலியண்ட் 48, விக்டரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மூன்றையும் பக்கவாட்டில் நிறுத்த ஒன்றரை மீட்டர் தட்டு வேண்டும். "இதுக்கு விமானத்தையே வாங்கியிருக்கலாம் மாமா" என்றான் மச்சினன். ஒன்றன்பின் ஒன்றாக, சற்றுச் சாய்த்து, இறக்கை நுனிகள் மேலே கீழே போகும்படி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஞாயிறன்று மறுபடியும் போட்டி மாடல்களை மட்டும் பார்க்கப் போனோம். அந்த நாளைக் கெடுத்தது திரும்பும் பயணம். பாதையில் பராமரிப்பு வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் என்று அறிவிப்பு. வந்தது நகரப் பேருந்து போன்ற ஒன்று. பெட்டி வைக்க இடமே இல்லை. அதுவும் ஷிஃப்னல், காஸ்ஃபோர்டு, ஆல்பிரைட்டன், காட்சல், பில்புரூக் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். கண்காட்சி வார இறுதியில், ஆளுக்கு நாலு பெட்டியோடு வரும் கூட்டத்துக்கு இப்படி ஒரு பஸ்ஸை அனுப்புவது அநியாயம். வல்கன் பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி நான் உட்கார, அடுத்த ஆள் தன் முழங்காலுக்கு இடையில் இரண்டு கிட்டை அடக்கியிருந்தார்.

ஏறும் முன் ஒரு டாக்சிக்காரரிடமும் கேட்டோம். வுல்வர்ஹாம்ப்டனுக்கு 80 பவுண்டு என்றார். மீட்டர் போடுங்கள் என்றால் தலையைத் திருப்பிக்கொண்டார். ரயில் இல்லை என்று தெரிந்துகொண்டு கேட்கும் விலை அது. ஒரு விக்டரும் கிட்டத்தட்ட ஒரு முழு வேலியண்ட்டும் அந்தக் காசில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலவரத்தைப் பயணச் சீட்டு எடுக்கும்போதே பாருங்கள், முடிந்தால் சனிக்கிழமை மாலையே கிளம்பிவிடுங்கள்.

முதலில் கட்டப் போவது வேலியண்ட். வெள்ளைக்கு அடியில் சாம்பல் பிரைமர் அடித்துவிட்டால் இணைப்புக் கோடுகளில் இருக்கும் பள்ளம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அதை நிரப்பித் தேய்த்துவிட்டு, வெள்ளையை மெல்லிசாகப் பல தடவை அடிக்க வேண்டும். டீகால் தாளை நேற்றே ஜன்னலில் ஒட்டிவிட்டேன்.